கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது எப்படி: நாட்கணக்கு முதல் உறுதிமொழி வரை

பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்துச் சில வருடம் ஆனதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "சிட்டிசன்ஷிப் சோதனை கஷ்டமா?" என்பதுதான். சோதனை கஷ்டமில்லை. ஒரு சிறிய புத்தகத்தை ஒழுங்காகப் படித்தால் பெரும்பாலானோர் பாஸ் பண்ணிவிடுவார்கள். விண்ணப்பங்கள் சிக்குவது அதற்கு முன்னால்: நாட்கணக்கில், பெயரில், பழைய பாஸ்போர்ட்டில். ஆகவே இந்தக் கட்டுரையில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பி.ஆர். என்பது நிரந்தரம் என்ற பெயரோடு வந்தாலும் நிபந்தனையோடு வருவது. ஐந்து வருடத்தில் 730 நாட்கள் கனடாவில் இருக்காவிட்டால் அதை இழக்க நேரிடலாம். பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2018 டிசம்பரிலிருந்து மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவதும் அந்தப் பாரதூரமான குற்றங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. குடியுரிமை பெற்றவருக்கு இந்தப் பயங்கள் இல்லை. வாக்குரிமையும் அப்போதுதான் வரும். இருபது வருடம் வரி கட்டியிருந்தாலும் பி.ஆர். உள்ளவர் நகரசபைத் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது. தகுதி வந்தபின் தள்ளிப்போடாதீர்கள்.

அகதியாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது

இலங்கையிலிருந்து அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு பி.ஆர். பெற்றவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் "சும்மா பயப்படுத்துகிறார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள்.

எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ, அந்த நாட்டின் பாஸ்போர்ட்டை எடுப்பதும் புதுப்பிப்பதும், அதில் பயணம் செய்வதும், அந்த நாட்டுக்கே போய்வருவதும் "இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை" என்று அரசு வாதிடக் காரணமாகலாம். 2012 டிசம்பரில் வந்த சட்டமாற்றத்துக்கு முன் அகதி நிலை போனாலும் பி.ஆர். மிஞ்சும். இப்போது அகதி நிலை இந்தக் காரணத்தால் நிறுத்தப்பட்டால் பி.ஆரும் சேர்ந்தே போகும். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போனேன், தங்கச்சியின் கல்யாணத்துக்குப் போனேன் என்ற காரணங்கள் மனிதருக்குப் புரியும். சட்டத்தின் முன் அவற்றைத் தனியாக வாதாட வேண்டிவரும். இலங்கைக்குப் போகாமல், இலங்கைப் பாஸ்போர்ட்டில் இந்தியாவுக்கு மட்டும் போய்வந்தாலும் கேள்வி எழலாம்.

இந்த ஆபத்து நீங்குவது குடியுரிமை கிடைக்கும் நாளில்தான். ஆகவே அகதியாக வந்தவர் கனடா கொடுக்கும் அகதிப் பயண ஆவணத்தை மட்டும் பயன்படுத்துங்கள். குடியுரிமை கைக்கு வரும்வரை ஊருக்குப் போவதைத் தவிருங்கள். ஏற்கெனவே போய்வந்திருந்தால், அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், குடியுரிமைப் படிவத்தை நிரப்பும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பயணங்களை மறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் பொய் சொன்னால் ஐந்து வருடம் குடியுரிமை பெறத் தடை வரலாம், குற்ற வழக்கும் வரலாம். பெற்ற குடியுரிமையையே பின்னால் பறிக்கவும் முடியும்.

நாட்கணக்கு

விதி இதுதான்: விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் 1,095 நாட்கள் நீங்கள் கனடாவில் உடலோடு இருந்திருக்க வேண்டும். 2017 அக்டோபரில் வந்த விதி இது. அதற்கு முன் ஆறு வருடத்தில் நான்கு வருடம் என்று இருந்ததால், பழைய ஆட்கள் சிலர் இன்னும் "நாலு வருஷம் வேணும்" என்று சொல்வார்கள். அதை விட்டுவிடுங்கள்.

பி.ஆர். பெற்றபின் இருந்த ஒவ்வொரு நாளும் ஒரு நாள். பி.ஆருக்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ விசிட்டராகவோ சட்டப்படி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டதிலிருந்து பி.ஆர். வரும்வரை இருந்த காலத்துக்கும் அதே அரை நாள் கணக்குத்தான். இப்படி எவ்வளவு சேர்ந்தாலும் மொத்தம் 365 நாட்களுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் கணக்கில் வராது. எத்தனையோ பேருக்கு அந்தக் காத்திருப்பே பல வருடம் என்பதால் இது மனசுக்குக் கஷ்டமான விதி. ஆனால் விதி அதுதான். சிறையில் இருந்த நாட்களும், நன்னடத்தைப் பிணையிலோ பரோலிலோ இருந்த நாட்களும் சேராது.

ஒரு உதாரணம். ஒருவர் 2020 செப்டம்பர் 1 அன்று மாணவராக வந்தார், 2023 ஜனவரி 1 அன்று பி.ஆர். ஆனார். மாணவராக இருந்தது 852 நாள், அதன் பாதி 426. உச்சவரம்பு 365 என்பதால் 365 மட்டும் கிடைக்கும். மிச்சம் 730 நாள் பி.ஆராக இருக்க வேண்டும். எங்கும் போகாமல் இருந்தால் 2024 டிசம்பர் இறுதியில் கணக்கு நிறைந்துவிடும். நடுவில் ஊருக்குப் போய்வந்திருந்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும். இன்னொன்றையும் பாருங்கள்: ஐந்து வருட வட்டம் நாளுக்கு நாள் முன்னே நகர்கிறது. இவர் விண்ணப்பத்தை மூன்று வருடம் தாமதித்தால் மாணவக் காலம் வட்டத்துக்கு வெளியே போய்விடும். பி.ஆர். நாட்கள் நிறைய இருப்பதால் இவருக்கு நட்டமில்லை. அடிக்கடி வெளிநாடு போகும் ஒருவருக்கு அது பெரிய நட்டம்.

வெளியே போன நாட்களை எண்ணுவதில் ஒரு சலுகை உண்டு. புறப்பட்ட நாளும் திரும்பிவந்த நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். 2023 ஜூலை 3 புறப்பட்டு ஆகஸ்ட் 14 வந்து இறங்கினால் வெளியே இருந்தது ஜூலை 4 முதல் ஆகஸ்ட் 13 வரை, அதாவது 41 நாள். பலர் கொழும்பிலோ சென்னையிலோ விமானம் ஏறிய தேதியைத் திரும்பிய தேதியாக எழுதிவிடுகிறார்கள். எழுத வேண்டியது கனடாவில் வந்து இறங்கிய தேதி. காலையில் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போய் இரவே திரும்பினால் அது வெளியே இருந்த நாளாகாது. ஆனாலும் அந்தத் தேதியை உங்கள் குறிப்பில் வைத்திருங்கள்.

பயணத் தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தத் தேதி போனேன், எங்கே போனேன், எந்தத் தேதி வந்தேன், ஏன் போனேன். பாஸ்போர்ட் முத்திரைகளை மட்டும் நம்ப முடியாது. கனடா வெளியே போகும்போது முத்திரை குத்துவதில்லை. திரும்பும்போது இயந்திரத்தில் ஸ்கான் செய்து வந்தாலும் முத்திரை இராது. குத்தியவையும் மை பரவி 3 எது 8 எது என்று தெரியாமல் கிடக்கும். மின்னஞ்சலில் "இ-டிக்கெட்" என்று தேடினால் பெரும்பாலான தேதிகள் கிடைத்துவிடும். கனடிய எல்லைச் சேவை நிறுவனத்திடம் உங்கள் பயண வரலாற்று அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். அமெரிக்கப் பயணங்களுக்கு அவர்களுடைய ஐ-94 (நுழைவுப் பதிவு) இணையதளம் உதவும். உங்கள் விண்ணப்பத்தை எடுக்கும் அலுவலரும் எல்லைப் பதிவுகளைப் பார்ப்பார் என்பதால், இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

1,095 நிறைந்த மறுநாளே அனுப்பிவிடாதீர்கள். ஒரு பயணத்தை மறந்திருந்தால், ஒரு தேதி பிசகியிருந்தால், ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதைச் சரிக்கட்ட அலுவலரால் முடியாது. குடிவரவுத் திணைக்களமே 1,095க்கு மேல் சில நாட்கள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு மாதம் கூடுதலாக விடுங்கள் என்பது என் கருத்து. அடிக்கடி பயணம் செய்பவர் என்றால் இரண்டு மாதம்.

கனடியரைத் திருமணம் செய்தால் நாட்கள் குறையும் என்றொரு பேச்சு உண்டு. குறையாது. கணவனோ மனைவியோ கனடியராக இருந்தாலும் உங்களுக்கு 1,095 நாட்கள் வேண்டும்.

பெயர்

தமிழருக்கு என்றே உள்ள சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் முன்னால் வரும், அல்லது ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், கனடா முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு முதற்பெயரை வெறுமையாக விடுகிறது. அப்படி வந்தவர்களின் பி.ஆர். அட்டையில் "செல்வராணி முருகேசன்" என்பது முழுதும் குடும்பப் பெயராக நிற்கும். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி.

குடியுரிமைச் சான்றிதழில் வரும் பெயர், பி.ஆர். ஆனபோது குடிவரவு ஆவணத்தில் பதிந்த பெயர்தான். சான்றிதழில் உள்ளதுதான் கனடியப் பாஸ்போர்ட்டிலும் வரும். ஆகவே பெயரை ஒழுங்குபடுத்த ஆசை இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்னால் செய்யுங்கள். இதற்கு இரண்டு வழி. குடிவரவு ஆவணத்தில் பிழையாகப் பதிந்திருந்தால், உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டித் திருத்தம் கேட்கலாம். பிழை இல்லை, நீங்களே மாற்ற விரும்புகிறீர்கள் என்றால் நீங்கள் வாழும் மாகாணத்தில் சட்டப்படி பெயர் மாற்றி, அந்தச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். சான்றிதழ் வந்தபின் மாற்றலாம் என்று விட்டால் சான்றிதழ், பாஸ்போர்ட், உரிமம், வங்கி எல்லாவற்றையும் மறுபடி மாற்றும் அலைச்சல்.

படிவத்தில் "வேறு பெயர்கள் பயன்படுத்தியதுண்டா" என்று கேட்பார்கள். பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர், திருமணத்துக்கு முந்தைய பெயர், எழுத்துக்கூட்டல் மாறிய பெயர் எல்லாவற்றையும் அங்கே எழுதிவிடுங்கள்.

மொழி, வரி, ஆவணங்கள்

கையெழுத்திடும் நாளில் 18 முதல் 54 வயதுக்குள் இருப்பவர்கள் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் பேசவும் கேட்டுப் புரியவும் தெரியும் என்று காட்ட வேண்டும். வாசிப்பும் எழுத்தும் கேட்பதில்லை. தேவையான மட்டம் சி.எல்.பி. (கனடாவின் மொழித் திறன் அளவுகோல்) 4. அதாவது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலச் சோதனையின் பொதுப் பிரிவில் பேச்சுக்கு 4.0, கேட்டலுக்கு 4.5. செல்பிப் என்ற கனடிய ஆங்கிலச் சோதனை என்றால் இரண்டிலும் 4. பி.ஆருக்காக எழுதிய பழைய பெறுபேறு காலாவதியாகியிருந்தாலும் இதற்குப் போதும்.

சோதனைக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் உள்ள சான்றிதழ்களைப் பாருங்கள். ஆங்கில வழியில் உயர்நிலைப் பள்ளியோ கல்லூரியோ முடித்ததற்கான ஆவணம் போதும், அது கனடாவில் படித்ததாக இருக்க வேண்டியதில்லை. சென்னையிலோ கோவையிலோ ஆங்கில வழியில் பட்டம் படித்தவர், பயிற்றுமொழி ஆங்கிலம் என்று காட்டும் சான்றிதழோடு பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் இணைக்கலாம். இது எதுவும் இல்லாதவர்களுக்கு நல்ல வழி, புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அரசு நடத்தும் இலவச மொழி வகுப்பான லிங்க். பேச்சிலும் கேட்டலிலும் நான்காம் நிலை முடித்த சான்றிதழை ஏற்பார்கள். ஆனால் குடியுரிமை கிடைத்தபின் லிங்க் வகுப்பில் சேர முடியாது. ஆகவே வீட்டில் இருக்கும் அம்மாமாரை அதற்கு முன்பே அனுப்பிவையுங்கள். சான்றிதழுக்கு மட்டுமில்லை, டாக்டரிடம் தனியாகப் போய்ப் பேசவும் அந்த வகுப்பு உதவும்.

55 வயது ஆனவர்களுக்கு மொழிச் சான்றும் இல்லை, அறிவுச் சோதனையும் இல்லை. 54இல் இருப்பவர் சோதனைக்குப் பயந்தால் பிறந்தநாள் வரை பொறுத்திருந்து கையெழுத்திடலாம். அது முழுக்கச் சட்டப்படியானதுதான்.

வரி விஷயம் எளிது. ஐந்து வருட வட்டத்தில் குறைந்தது மூன்று வருடத்துக்கு, சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், தாக்கல் செய்திருக்க வேண்டும். படிவம் வருடம் வருடமாக இரண்டு கேள்வி கேட்கும்: தாக்கல் செய்ய வேண்டியிருந்ததா, செய்தீர்களா? வருமானம் இல்லாத இல்லத்தரசிகளும் வருடாவருடம் தாக்கல் செய்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கும் அது வேண்டும்.

சேர்க்க வேண்டியவை: ஐந்து வருடத்தில் பயன்படுத்திய எல்லாப் பாஸ்போர்ட்டுகளின், பயண ஆவணங்களின் விவரப் பக்கம், படத்தோடு கூடிய ஓர் அடையாள அட்டை உட்பட இரண்டு அடையாள ஆவணங்கள், மொழிச் சான்று, புகைப்படம். ஒரு பாஸ்போர்ட் முடிந்து அடுத்தது எடுக்கும்வரை இடைவெளி இருந்தால் அதை விளக்கி ஒரு கடிதம் எழுதுங்கள். தொலைந்திருந்தாலும் அப்படியே. பழைய பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் பின்னால் கேட்கலாம் என்பதால் ஒன்றையும் எறியாதீர்கள். கடைசி நான்கு வருடத்தில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாட்களோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். அதை வீட்டில் உள்ளவர்கள் செய்தால் ஏற்க மாட்டார்கள். சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

பி.ஆர். அட்டை காலாவதியாகிவிட்டதே என்று சிலர் தயங்குவார்கள். அட்டை காலாவதியானாலும் பி.ஆர். நிலை போகாது. அந்த அட்டையோடேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவர்கள், கடந்த நான்கு வருடத்தில் பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். வழக்கு முடியட்டும்.

நிரப்புவதும் கட்டணமும்

பெரியவர்களுக்கான படிவம் சி.ஐ.டி. 0002. இணையவழியில் அனுப்பலாம். நாட்கணக்கையும் அங்கேயே போடலாம். காகிதத்தில் அனுப்புகிறவர்கள் இணையத்தில் உள்ள கணிப்பானில் போட்டு அச்செடுத்து இணைக்க வேண்டும். கணிப்பானில் நீங்கள் கொடுத்த தேதியும் கையெழுத்துத் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். திங்கட்கிழமை கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டு, பிறகு விண்ணப்பம் திரும்பி வந்தது என்று வருந்துவதில் பயனில்லை.

முகவரிக்கும் வேலைக்கும் ஐந்து வருடத்தையும் இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். வேலை இல்லாத மாதங்களுக்கு "வேலை இல்லை" என்றே எழுதுங்கள். வெற்றிடம்தான் கேள்வியைக் கிளப்பும். ஒரு மாதம் அண்ணன் வீட்டு பேஸ்மென்டில் இருந்திருந்தால் அந்த முகவரியும் வர வேண்டும்.

2025 மார்ச் 31இல் பெரியவருக்கான கட்டணம் 649.75 டாலராக இருந்தது. அதில் 530 டாலர் பரிசீலனைக்கு, 119.75 டாலர் குடியுரிமைக் கட்டணம். இந்த இரண்டாவது தொகையை மாற்றுவார்கள் என்பதால், கட்டும் நாளில் அரசின் இணையதளத்தில் பார்த்துக் கட்டுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அது மட்டும் திரும்பக் கிடைக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 100 டாலர். பெற்றோரில் ஒருவர் கனடியராக இருந்தால், அல்லது அதே நேரத்தில் விண்ணப்பித்தால், பி.ஆர். உள்ள பிள்ளைக்கு 1,095 நாள் நிபந்தனை இல்லை. கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு விண்ணப்பமே வேண்டாம், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எல்லோரும் பிறப்பால் கனடியர்கள்.

இதையெல்லாம் நீங்களே செய்யலாம். ஒருவரிடம் பணம் கொடுத்துச் செய்விப்பதானால் அவர் வழக்கறிஞராகவோ, குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் (ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) பதிவு பெற்றவராகவோ, ஒன்ராறியோ என்றால் உரிமம் பெற்ற பாராலீகலாகவோ (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்) இருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கடைத்தெருவில் வரியும் போட்டு, டிக்கெட்டும் விற்று, "சிட்டிசன்ஷிப்பும் செய்து தாறன்" என்பவரிடம் கொடுத்தால், அவர் எழுதும் பொய்க்கும் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பொறுப்பு. நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அனுப்பிய பிறகு

முதலில் விண்ணப்பம் கிடைத்தது என்ற கடிதம் வரும். அதில் உள்ள எண்ணைப் பத்திரப்படுத்துங்கள், இணையத்தில் நிலையைப் பார்க்க அது வேண்டும். முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் மாறினால் உடனே அறிவியுங்கள். அழைப்பு மின்னஞ்சலில் வரும் என்பதால் ஸ்பாம் பெட்டியையும் வாரம் ஒருமுறை பாருங்கள். கைரேகை கேட்கலாம். நாட்கணக்கில் சந்தேகம் வந்தால் வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கடிதம் என்று நீண்ட பட்டியலோடு கேள்வித்தாள் ஒன்று வரும். அது வந்தால் பதறாதீர்கள். கொடுத்த கால எல்லைக்குள், வருட வாரியாக அடுக்கி அனுப்புங்கள்.

காத்திருக்கும்போது வெளிநாடு போகலாம். பி.ஆருக்கான 730 நாள் நிபந்தனை மட்டும் உறுதிமொழி எடுக்கும் நாள் வரை தொடரும்.

சோதனையில் 20 கேள்விகள், 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் பாஸ். பெரும்பாலும் வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். கேமரா உங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே பக்கத்தில் யாரும் நின்று விடை சொல்லக் கூடாது. கேள்விகள் எல்லாம் "டிஸ்கவர் கனடா" என்ற அரசுப் புத்தகத்திலிருந்து வருபவை. அது இணையத்தில் இலவசம், ஒலிவடிவமும் உண்டு. பஸ்ஸிலோ சமைக்கும்போதோ கேட்கலாம்.

கேள்வி ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் வரும். தமிழில் விளங்கிக்கொண்டு படியுங்கள், ஆனால் பெயரையும் சொல்லையும் கேட்கப்படும் மொழியிலேயே பதித்துக்கொள்ளுங்கள். 1867 ஜூலை 1 அன்று ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் நான்கும் சேர்ந்து கூட்டாட்சி ஆனது, முதல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட், 1917 விமி ரிட்ஜ் போர், 1949இல் நியூஃபவுண்ட்லாந்து சேர்ந்தது, 1982 உரிமைச் சாசனம், 1999இல் நுனவுட் உருவானது போன்றவை வரலாற்றில் முக்கியமானவை. பலர் தவறவிடுவது வருடங்களை அல்ல, அரசாங்கம் இயங்கும் முறையை. நாட்டின் தலைவர் யார், அரசாங்கத்தின் தலைவர் யார், செனட்டர் எப்படி வருகிறார், எது மத்திய அரசின் பொறுப்பு, எது மாகாணத்தின் பொறுப்பு என்பவற்றைத் தெளிவாகப் படியுங்கள். உங்கள் மாகாணத்தின் தலைநகரும் முதல்வரும் தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் மகாராணி காலத்தில் எழுதப்பட்டது. 2022 செப்டம்பர் முதல் நாட்டின் தலைவர் மூன்றாம் சார்லஸ் மன்னர்.

முதல் தடவை தவறினால் மறுபடி எழுதலாம், மொத்தம் மூன்று தடவை வரை வாய்ப்பு உண்டு. மூன்றிலும் தவறினால் அலுவலர் ஒருவர் உங்களோடு பேசி முடிவெடுப்பார். ஒரு தடவை தவறியதால் பி.ஆருக்கு ஒன்றும் ஆகாது.

உறுதிமொழிக்கு முன் ஊர் விஷயங்கள்

கனடா 1977 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் உங்கள் பழைய நாடு என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. அதைச் சோதனை முடிந்ததும், உறுதிமொழி அழைப்பு வரும் முன் யோசியுங்கள்.

இலங்கைக் குடியுரிமை உள்ளவர், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதும் இலங்கைக் குடியுரிமையை இழப்பார். அதை வைத்திருக்க விரும்பினால் முன்னதாகவே தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். இழந்தபின் மீளப்பெறவும் விண்ணப்பிக்கலாம். இரண்டும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வழியாக நடப்பவை. வயது, கல்வித் தகைமை, இலங்கையில் உள்ள சொத்து, நிலையான வைப்பு என்று பல தகுதிப் பிரிவுகள் உண்டு. ஊரில் காணி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை உறுதி எழுதி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போது உங்கள் பெயருக்கு எழுத இருக்கும் காணி என்றால், கனடியர் ஆவதற்கு முன் ஊரில் ஒரு நொத்தாரிசிடம் பேசுங்கள். அகதியாக வந்தவர்கள் மட்டும், மேலே சொன்ன காரணத்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் இலங்கை அலுவலகம் எதிலும் எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கனடியர் ஆன அன்றே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். அதன்பின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, விரும்பினால் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஓ.சி.ஐ. இருந்தால் விசா வேண்டாம், வீடு வாங்கலாம். வயலும் தோப்பும் வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்திருக்கலாம். வாக்குரிமை இல்லை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்களும் பழைய குடியுரிமையை விட்டுத்தான் ஆக வேண்டும்.

உறுதிமொழியும் அதற்குப் பிறகும்

14 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும் உறுதிமொழி எடுக்க வேண்டும். நேரிலும் நடக்கும், காணொளியிலும் நடக்கும். காணொளி என்றால் அன்று நீங்கள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். பி.ஆர். அட்டையையும் ஒரு கத்தரிக்கோலையும் பக்கத்தில் வைத்திருங்கள், அலுவலர் சொல்லும்போது கேமரா முன்னால் அட்டையை வெட்டிக் காட்ட வேண்டியிருக்கும். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், மனச்சாட்சிப்படியும் உறுதி கூறலாம். மன்னருக்கு விசுவாசம் கூறும் வரிகளோடு, கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடியினர், இனுயிட், மெற்றீ மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கும் அரசியலமைப்பை மதிப்பேன் என்ற வரி 2021 முதல் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்ல வேண்டும். முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை வாய்விட்டு வாசித்தால் நாக்குத் தடுமாறாது. வேட்டி, சேலை உடுத்திக் குடும்பத்தோடு உட்காருங்கள், பிள்ளைகள் அதை நினைவில் வைத்திருப்பார்கள்.

உறுதிமொழி எடுத்த கணத்தில் நீங்கள் கனடியர். ஆனால் கையில் பயண ஆவணம் எதுவும் இருக்காது. பி.ஆர். அட்டை வெட்டப்பட்டுவிட்டது, குடியுரிமைச் சான்றிதழ் பயண ஆவணம் அல்ல. கனடியர்கள் விமானத்தில் கனடாவுக்குத் திரும்பக் கனடியப் பாஸ்போர்ட் வேண்டும். ஆகவே உறுதிமொழி நெருங்கும் மாதங்களில் டிக்கெட் போடாதீர்கள். சான்றிதழ் வந்ததும் முதலில் எழுத்துக்கூட்டலையும் பிறந்த தேதியையும் பாருங்கள், பிழை இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். சரியாக இருந்தால் அன்றே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

சர்வீஸ் கனடா என்ற அரசுச் சேவை அலுவலகத்துக்குப் போய் சமூகக் காப்புறுதி எண்ணின் பதிவில் குடியுரிமை நிலையை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வரிப் படிவத்தில், உங்கள் பெயர் விவரங்களைக் கனடியத் தேர்தல் அலுவலகத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். இத்தனை வருடம் விட்டுவைத்த அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று போடுங்கள். அதன் வழியாக வாக்காளர் பட்டியலில் பெயர் சேரும்.